ராக் சக்கர் பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே கட்டத் தொடங்குகிறவர் கடைக்குப் போய் ‘எதை வாங்கலாம்?’ என்று கேட்டால், கவுன்டரில் இருப்பவர் கை நீட்டிக் காட்டும் முதல் இரண்டு மூன்று பெட்டிகளில் ஒன்று பச்சை நிறத்தில் இருக்கும். ஆர்.சி.பி.எஸ். கம்பெனியின் ராக் சக்கர் சுப்ரீம் மாஸ்டர் கிட். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: அதிலுள்ள பிரஸ்ஸுக்காக, அதாவது கைப்பிடியை இழுத்து அமுக்கும் கருவிக்காக, இதை வாங்கலாம். ஆனால் இந்தப் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரே ஒரு தோட்டாகூடக் கட்ட முடியாது. அது ஏன், மிச்சப் பணத்தை எதில் போடவேண்டும் என்பதுதான் இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி. உதாரணத்துக்கு .308 வின்செஸ்டரை எடுத்துக்கொள்கிறோம். 1952ல் வந்த தோட்டா. குண்டு, கூடு, டை (பிரஸ்ஸில் மாட்டும் அச்சு) எல்லாமே எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், பழகுவதற்கு ஏற்றது.

சட்டம் பற்றி இரண்டு வரி. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்ட உரிமம் தேவையில்லை; கட்டியதை விற்கத் தொடங்கினால் தேவை. மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் கதையே வேறு: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரில் இருக்கும் தம்பிக்குக் கற்றுக்கொடுக்கிற வேலை இல்லை இது.

சொற்களையும் பிரித்துக்கொள்வோம். பேச்சில் எல்லாவற்றையும் தோட்டா என்றுவிடுகிறோம். இங்கே தோட்டா என்றால் முழுசு. பறந்துபோவது குண்டு, பித்தளைப் பகுதி கூடு, அடியில் பொறி கொடுப்பது பிரைமர், உள்ளே எரிவது மருந்து. நான்கில் சுட்டபின் மிஞ்சுவது கூடு ஒன்றுதான். இந்தப் பொழுதுபோக்கே அந்தக் கூட்டைப் பொறுக்கிவந்து திரும்பப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பிரஸ், 500 கிரெயின் (மருந்தை நிறுக்கும் சிறு அலகு) வரை நிறுக்கும் எம்500 தராசு, யூனிஃப்ளோ என்ற மருந்து அளப்பான், கையில் பிடித்துப் பிரைமர் பொருத்தும் கருவி, கூடுகளை நிற்கவைக்கும் பலகை, புனல், கூட்டின் வாயைச் சீவும் கருவி, மசகு, ஒரு கையேடு. சில்லறைச் சாமான்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் பட்டியலைப் படித்தபின் பணத்தைக் கொடுங்கள்.

பிரஸ் அருமையானது. வார்ப்பிரும்பில் ‘ஓ’ வடிவச் சட்டம், ஒன்றோடொன்று இணைந்து வேலைசெய்யும் நெம்புகோல்கள், கூட்டை மேலே தள்ளும் தண்டான ராம் ஒரு அங்குலக் கனத்தில். கூட்டை டைக்குள் தள்ளும்போது சட்டம் வளைந்துகொடுப்பது கைக்குத் தெரியவே தெரியாது. கைப்பிடியை இடது பக்கமும் மாட்டலாம். கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில் 1943ல் தொடங்கிய கம்பெனி இது. ராக் சக் என்பது மலைப்பாறை இடுக்கில் வாழும் பெரிய அணில் வகை. அதைச் சுட்டவர்களுக்காகச் செய்த குண்டு அச்சின் பெயரைச் சுருக்கித்தான் ஆர்.சி.பி.எஸ். என்றானது. 2024ல் ஹாட்ஜ்டன் என்ற மருந்துக் கம்பெனி இதை வாங்கியது. பழைய பிரஸ்கள் அப்பாவிடமிருந்து மகனுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன; இருபது வருஷம் உழைத்ததைப் பாதி விலைக்கு வாங்கினாலும் நஷ்டமில்லை.

குறை என்று சொன்னால், எரிந்த பிரைமரைப் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டு. ஒரு வேலை நாளில் ஐந்தாறாவது அதைத் தாண்டித் தரையில் உருளும். பெரிய விஷயமில்லை, ஆனால் எரிந்த பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கம்பளம் விரித்த அறையில் இந்த வேலையே வேண்டாம். தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பும். வேலை முடிந்து எழுந்ததும் கையைக் கழுவுங்கள், மேஜையில் காப்பி வைக்காதீர்கள்.

இன்னொன்று, மேஜை. நல்ல பிரஸ்ஸைத் தள்ளாடும் மேஜையில் பூட்டினால் தள்ளாடும் பிரஸ்தான் கிடைக்கும். பலகை கனமாக இருக்கட்டும். போல்ட் அடியில் அகலமான வாஷரோ இரும்புப் பட்டையோ வையுங்கள். மேஜையைச் சுவரோடு சேர்த்துத் திருகிவிடுங்கள்.

இனி, பெட்டியில் இல்லாதவை. முதலாவது டை. .308க்கு இரண்டு டை கொண்ட செட்: ஒன்று கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்குவது, மற்றது குண்டைப் பொருத்துவது. இரண்டாவது ஷெல் ஹோல்டர், கூட்டின் அடியைக் கவ்விப் பிடிக்கும் சிறு துண்டு. .308க்கு ஆர்.சி.பி.எஸ்.ஸில் 3ஆம் எண், லீயில் 2, ஹார்னடியில் 1. கம்பெனிக்குக் கம்பெனி எண் வேறு, இங்கேதான் புதியவர்கள் தவறானதை வாங்கி வந்து நிற்பார்கள். மூன்றாவது, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு காட்டும் காலிப்பர். நான்காவது, கூட்டை நீளம் குறைக்கும் டிரிம்மர். ஐந்தாவது, தப்பாகக் கட்டியதைப் பிரிக்கும் சுத்தியல் வடிவப் புல்லர். இது தேவைப்படாது என்று நினைப்பவருக்குத்தான் முதலில் தேவைப்படும். ஆறாவது, காலிப்பரில் மாட்டி கூட்டின் தோள்பட்டை (உடல் கழுத்தாகக் குறுகும் சரிவு) எங்கே இருக்கிறது என்று அளக்கும் சிறு துண்டு, கம்பேரட்டர். பெரும்பாலோர் கடைசியாக வாங்குவது இதை. முதலில் வாங்கவேண்டியது இதுதான் என்பது எங்கள் வாதம்.

காரணத்தை விரிவாகவே சொல்கிறோம். சுடும்போது கூடு விரிந்து, ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது, பிறகு கொஞ்சம் சுருங்கி வெளியே வருகிறது. .308ன் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயரில் அடிப்பது 32. அதைப்போல் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு. அப்படி விரிந்த கூட்டைத்தான் டை மறுபடி அமுக்குகிறது. டையோடு வரும் தாள் என்ன சொல்லும்? ராமை மேலே ஏற்று, டை ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகு, பிறகு ராமை இறக்கி இன்னும் எட்டில் ஒரு சுற்றோ கால் சுற்றோ இறுக்கு. எந்த ரைஃபிளிலும் உள்ளே போகும் தோட்டா வரவேண்டும் என்பது அந்தத் தாளின் நோக்கம். நம்முடைய ரைஃபிளுக்கு அது தேவைக்கு மேல் அமுக்கிவிடும். தோள்பட்டை பின்னால் போய்விடும். சுடும்போது கூடு அந்த இடைவெளியை நிரப்ப நீளவாக்கில் இழுபடும். முன்பகுதி சுவரைக் கவ்விக்கொள்கிறது, அடிப்பகுதி பின்னால் போகிறது. இழுபடுவது அடிக்குச் சற்று மேலே, தடித்த பித்தளை மெல்லியதாகிற இடம். நாலைந்து முறை இப்படி இழுபட்டால் அந்த இடம் காகிதமாகிவிடும். ஆறாவது முறை அடி தனியாக, உடல் தனியாகக் கழன்று, உடல் அறைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதிர்ஷ்டமில்லை என்றால் அழுத்தக் காற்று முகத்துக்கு நேராகப் பின்னால் வரும்.

ஆகவே செய்யவேண்டியது: உங்கள் ரைஃபிளில் சுட்ட கூட்டில் பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டு, கம்பேரட்டரில் தோள்பட்டை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். டையை வேண்டுமென்றே கொஞ்சம் மேலே வைத்து ஒரு கூட்டை அமுக்குங்கள், அளந்து பாருங்கள், டையைச் சற்று இறக்குங்கள், மறுபடி அளந்து பாருங்கள். போல்ட் ரைஃபிளுக்கு (அறையை மூடும் தண்டான போல்ட்டைக் கையால் இயக்கும் வகை) சுட்ட அளவிலிருந்து 0.002 அங்குலம் குறைந்தால் போதும். தானாக ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளுக்கு 0.003 அல்லது 0.004. 0.002 அங்குலம் என்பது 0.05 மில்லிமீட்டர், தலைமயிரின் கனத்தைவிடக் குறைவு. அதைக் கையால் திருகிக் கொண்டுவர முடியுமா என்றால், முடியும். டையின் மரையில் அங்குலத்துக்கு 14 இழை. ஒரு முழுச் சுற்று 0.071 அங்குலம், அப்படியென்றால் 0.002க்குத் தேவை ஒரு சுற்றில் முப்பத்தாறில் ஒரு பங்கு, அதாவது 10 டிகிரி. பூட்டு வளையத்தின் விளிம்பில் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் நகர்வு. பேனாவால் வளையத்திலும் பிரஸ்ஸிலும் கோடு போட்டுக்கொண்டு நகர்த்துங்கள். நடுவில் ஒரு எச்சரிக்கை: அளவு குறைவதற்குமுன் முதலில் கொஞ்சம் கூடும். உடல் அமுங்கும்போது தோள்பட்டை முன்னால் பிதுங்குவதால் அப்படி. பயந்து நிறுத்திவிடாமல் இன்னும் இறக்குங்கள்.

பழைய கூடுகளைச் சோதிக்க ஒரு பேப்பர் கிளிப் போதும். நேராக்கி, நுனியை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் செங்குத்தாக மடக்கி, கூரான முனையோடு கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து உட்சுவரை உரசியபடி மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் அடிக்கு மேலே ஒரு பள்ளத்தில் விழுந்து ‘டிக்’கென்று மாட்டும். வெளியே அதே இடத்தில் பளிச்சென்று ஒரு வளையமும் தெரியலாம். அந்தக் கூட்டை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள்; நசுக்காமல் போட்டால் மறுபடி நல்ல கூடுகளோடு வந்து சேர்ந்துகொள்ளும்.

மைதானத்தில் பொறுக்கிய கூடுகளில் இன்னும் சில வில்லங்கம் உண்டு. இரும்புக் கூடு வேண்டாம். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு ஓட்டை தெரியவேண்டும். பக்கவாட்டில் இரண்டு சிறு ஓட்டை தெரிந்தால் அது பெர்டான் வகை, டையின் ஊசியை உடைத்துவிடும். இராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி இறுக்கியிருப்பார்கள். அந்த விளிம்பைச் சீவாமல் புதுப் பிரைமர் உட்காராது. அவற்றின் சுவர் தடிமன், உள்ளே இடம் குறைவு. அதே அளவு மருந்து அதிக அழுத்தம் கொடுக்கும். அடியில் பொறித்த எழுத்தைப் பார்த்து வகைவகையாகப் பிரித்து வையுங்கள்.

அமுக்கும்முன் மசகு. இதில் கஞ்சத்தனம் செய்தால் கூடு டைக்குள் இறுகிக்கொள்ளும். பிறகு அடியைத் துளைபோட்டு, மரை வெட்டி, போல்ட் மாட்டி இழுத்து எடுக்கவேண்டும். ஒரு மாலைப்பொழுது போய்விடும். தாராளமாகத் தடவினால் தோள்பட்டையில் எண்ணெய் தேங்கிப் பள்ளம் விழும். பெட்டியில் வரும் மசகைவிட, விரல் நுனியில் தொட்டுத் தடவும் இம்பீரியல் மெழுகுதான் எங்கள் தேர்வு: உடலில் மட்டும், தோளில் வேண்டாம், கழுத்தின் உட்புறம் உலர்ந்த கிராஃபைட். கைப்பிடியை மேலே தூக்கும்போது ‘கிரீச்’ என்று சத்தம் கேட்டால் கழுத்து காய்ந்திருக்கிறது. கழுத்தை விரிப்பதற்காக டைக்குள் இருக்கும் உருண்டை அதை இழுத்து நீட்டுகிறது என்று அர்த்தம். அமுக்கியபின் மசகைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு சுட்டால் கூடு சுவரைக் கவ்வாது, முழு உதையும் போல்ட்டின் மேல் விழும்.

நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் 2.005க்கு வெட்டுங்கள். வெட்டாமல் விட்டால் கூட்டின் வாய் அறையின் நுனியில் இடித்துக் குண்டை நெரிக்கும். குண்டு கழன்று போக இடமில்லாமல் அழுத்தம் எகிறும். வெட்டியபின் உள்ளும் வெளியும் லேசாகச் சீவவேண்டும், பென்சில் சீவுவதுபோல் அல்ல. இரண்டு சுற்று போதும்.

பிரைமர் கருவியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் பிடித்து அழுத்துவதால் உட்காரும் உணர்வு விரலுக்கு நன்றாகத் தெரிகிறது, பிரஸ்ஸின் நீண்ட கைப்பிடியில் அது தெரியாது. கூட்டின் அடிக்குச் சமமாக இருந்தால் போதாது, 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்கவேண்டும். விரலால் தடவினால் சிறு குழி தட்டுப்பட வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால், தானாக ஏற்றும் ரைஃபிளில் போல்ட் மூடும்போதே வெடிக்கலாம். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனால் கூட்டின் குழி தளர்ந்துவிட்டது, கூட்டை எறியுங்கள். பிரைமரைப் பாட்டிலில் கொட்டி வைக்கவே கூடாது. ஒன்று வெடித்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் வெடிக்கும். கம்பெனிக்காரர்கள் ஒவ்வொன்றுக்கும் இடைவெளி விட்டு அட்டையில் அடுக்குவது அதனால்தான்.

தராசு நல்லது, பொறுமைசாலிக்கு. கிரெயினில் பத்தில் ஒரு பங்கு காட்டும். ஒரு கிரெயின் 0.0648 கிராம், நம் பொற்கொல்லர்களின் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. அதில் பத்தில் ஒன்று என்றால் மின்விசிறிக் காற்றே தட்டை அசைத்துவிடும். விசிறியையும் ஏசியையும் நிறுத்துங்கள், தராசைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி வையுங்கள், உட்காரும் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்தைச் சரிபாருங்கள். பெரிய எடைத்துண்டு ஒரு வெட்டு தள்ளி உட்கார்ந்துவிட்டால் தராசு அழகாகத்தான் நிற்கும், ஆனால் மருந்து பல கிரெயின் தப்பு. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, எடை தெரிந்த சோதனைக் கற்களை வைத்துப் பார்ப்பது. அவை பெட்டியில் இல்லை, தனியாக வாங்குங்கள். டிஜிட்டல் தராசு வாங்குகிறவர்கள் திரையில் கிராமா கிரெயினா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கவேண்டும்: ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின்.

யூனிஃப்ளோ அளப்பான் மருந்தைப் பொறுத்து நடந்துகொள்ளும். உருண்டை மணியாக வரும் மருந்து மணலாய் இறங்கும், ஒவ்வொரு முறையும் ஒரே அளவு. வார்கெட், ஐ.எம்.ஆர். 4064 போன்ற குச்சி மருந்து உருளையின் விளிம்பில் மாட்டும். கைப்பிடியில் ‘நறுக்’கென்று குச்சி வெட்டுப்படுவது கேட்கும், எடை இரண்டு மூன்று பத்திலொரு கிரெயின் அங்குமிங்கும் போகும். அந்த மருந்துக்கு அளப்பானைச் சற்றுக் குறைவாக வைத்துத் தட்டில் இறக்கி, மிச்சத்தை டிரிக்லரால் ஒவ்வொரு மணியாகச் சேர்ப்பதுதான் வழி. டிரிக்லரும் தனிச் செலவு. புது அளப்பானின் முதல் பத்துப் பதினைந்து வீச்சுகளை டப்பாவிலேயே திருப்பிக் கொட்டுங்கள். பிளாஸ்டிக் குடுவையில் நிலைமின்சாரம் இருந்தால் மருந்து பக்கத்தில் ஒட்டும், பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவித் துடைக்காமல் உலரவிட்டால் அடங்கும்.

எவ்வளவு மருந்து போடுவது? அதை நாங்கள் எழுதமாட்டோம், இணையத்தில் யார் எழுதினாலும் நம்பாதீர்கள். குண்டுக் கம்பெனியோ மருந்துக் கம்பெனியோ வெளியிடும் அட்டவணையில் உங்கள் குண்டின் எடை, வகை, மருந்தின் முழுப்பெயர், பிரைமர் நான்கும் பொருந்தும் வரியைப் பார்த்து, அதில் தொடக்க அளவை எடுங்கள். முழுப்பெயர் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. எச்4895 வேறு, ஐ.எம்.ஆர். 4895 வேறு, எண் ஒன்று, அட்டவணை ஒன்றல்ல. தொடக்க அளவிலிருந்து 0.3 கிரெயின் வீதம் ஏற்றி ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு தோட்டா கட்டிப் பாருங்கள். போல்ட் தூக்கக் கனத்தால், கூட்டின் அடியில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் பாகம்) துளையின் பளபளப்பான முத்திரை விழுந்தால், பிரைமர் தட்டையாகி ஓரம்வரை பரவினால், அங்கேயே நிறுத்திவிட்டுக் கீழே இறங்குங்கள். இந்த அறிகுறிகள் தெரிய வரும்போது அழுத்தம் ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கலாம். அதனால் குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி ஒன்று இருந்தால் நல்லது: அட்டவணையின் உச்ச வேகத்தை எட்டிவிட்டால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் உச்ச அழுத்தத்தையும் எட்டிவிட்டீர்கள். பிரைமரையோ குண்டையோ மாற்றினால் மறுபடி கீழிருந்து. ‘மெதுவாகச் சுட்டால் பத்திரம்தானே’ என்று அட்டவணைக்குக் கீழே இறங்குவதும் தவறு. மெதுவாக எரியும் மருந்துகள் பாதி நிரம்பிய கூட்டில் கணிக்கமுடியாதபடி நடந்துகொள்ளும். மென்மையான தோட்டா வேண்டுமென்றால் ஹாட்ஜ்டன் எச்4895க்கு மட்டும் உச்சத்தில் 60 சதவீதம் வரை இறங்கலாம் என்று வெளியிட்டிருக்கும் வழிகாட்டியைப் பின்பற்றுங்கள்.

ஐம்பது கூடுகளுக்கும் மருந்து போட்டதும், குண்டு வைக்கும்முன் டார்ச் அடித்து பலகையை ஒரு பார்வை. எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஒன்று காலியாக இருந்தால், பிரைமரின் சக்தி மட்டுமே குண்டைக் குழலுக்குள் தள்ளி நடுவில் நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும்.

குண்டு பொருத்தும் டையில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றேதான். டையின் உள்ளே கூட்டின் வாயை நெரிக்கும் விளிம்பு இருக்கிறது. டையை முழுக்க இறக்கிவிட்டால் அது கூட்டைக் கீழே அமுக்கித் தோளை உப்பவைக்கும், பார்வைக்குத் தெரியாமலே. தோட்டா அறைக்குள் போகாது. வெற்றுக் கூட்டை வைத்து டை தொடும்வரை திருகி, அங்கிருந்து ஒரு முழுச் சுற்று மேலே எடுத்துப் பூட்டுங்கள். மொத்த நீளத்தை நடுத்தண்டால் சரிசெய்யலாம். .308க்கு உச்ச நீளம் 2.810 அங்குலம், குண்டு வாரியாக அட்டவணை சொல்லும் நீளமே சரி. குண்டுகளின் முனை ஒன்றுக்கொன்று மாறும் என்பதால் காலிப்பர் காட்டும் சில ஆயிரத்திலொரு பங்கு ஏற்றத்தாழ்வுக்காக டையைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள்.

லீயின் பிரீச் லாக் சாலஞ்சர் தொகுப்பு இதைவிட மிகவும் மலிவு. அலுமினியக் கலவைச் சட்டம்; .308க்கு அது தாராளமாகப் போதும். டையை முழுக்கத் திருகாமல் ஒரு சிறு திருப்பில் மாட்டிக் கழற்றும் வசதி, ராக் சக்கரில் இல்லாதது. அதன் தராசு துல்லியமானதுதான், ஆனால் அளவுகோலைப் படிக்கக் கண் வலிக்கும். அளப்பான் உருண்டை மருந்தைச் சற்று ஒழுகவிடும். மாதம் ஐம்பது தோட்டா சுடுகிறவர் அதை வாங்கி, மிச்சப் பணத்தில் நல்ல காலிப்பர், கம்பேரட்டர், சோதனைக் கற்கள் வாங்கினால், வெறும் ராக் சக்கர் பெட்டி வைத்திருப்பவரைவிட நல்ல தோட்டா கட்டுவார். இதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ராக் சக்கருக்கான நியாயம் வேறு: .30-06, மேக்னம் என்று பெரிய கூடுகளுக்குப் போகப்போகிறவர், இராணுவக் கூடுகளை நூற்றுக்கணக்கில் அமுக்கப்போகிறவர், ஒரே தடவை வாங்கி முடித்துவிட நினைக்கிறவர். அவர்களுக்கும்கூட, பிரஸ்ஸைத் தனியாக வாங்கி மற்றதைத் தேர்ந்து சேர்ப்பது சரிப்படுமா என்று ஒரு தாளில் கூட்டிப் பார்ப்பது நல்லது.

காசு மிச்சமாகுமா என்று எல்லாரும் கேட்பார்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 40 என்று கணக்குக்காக மட்டும் வைத்தால் 175 தோட்டா. மருந்து பவுண்டு 50 டாலர் என்றால் ஒன்றுக்கு 29 சென்ட். பிரைமர் 8, நல்ல குண்டு 45 என்று போட்டால் 82 சென்ட். கூட்டின் தேய்மானம் தனி. உங்கள் ஊர் விலையைப் போட்டு இதைத் திருப்பிப் போடுங்கள். போட்டித் தரத் தோட்டாவோடு ஒப்பிட்டால் பாதிக்குப் பாதி மிச்சம். சும்மா சுட்டுத்தள்ளும் மலிவுத் தோட்டாவோடு ஒப்பிட்டால் கைக்காசுதான் போகும். மருந்தையும் பிரைமரையும் கூரியரில் வரவழைத்தால் அபாயப் பொருள் கட்டணம் ஒரு பார்சலுக்கு ஒருமுறை விழும். இரண்டையும் சேர்த்து ஒரே பார்சலாக வாங்குங்கள், அல்லது கடைக்கே போய்விடுங்கள்.

வீட்டில் வைக்க அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதியான என்.எஃப்.பி.ஏ. 495 சொல்லும் வரம்பு: மருந்து அதன் சொந்த டப்பாவில் 20 பவுண்டு வரை, அதைத் தாண்டினால் 50 வரை ஒரு அங்குலக் கனமுள்ள மரப்பெட்டியில், பிரைமர் 10,000. இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பது பத்திரம் என்று தோன்றும், ஆனால் தீப்பிடித்தால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் அந்தப் பெட்டியே வெடிகுண்டாகிவிடும். மரம் என்றால் பிளந்து வழிவிடும்.

வேலை நடக்கும்போது மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கவேண்டும். முடிந்ததும் அளப்பானில் மிஞ்சியதை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள், குடுவை காலி என்று கண்ணால் பாருங்கள். இரவு அப்படியே விட்டால் நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து பிளாஸ்டிக்கை அரித்து மங்கலாக்கும். அது சின்ன நஷ்டம். ஒரு வாரம் கழித்து வந்து பார்க்கும்போது குடுவைக்குள் இருக்கும் சாம்பல் நிறக் குச்சி எந்த மருந்து என்று தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்போது அதைத் தோட்டத்து மண்ணில் தூவிவிட்டுப் புது டப்பாவைத் திறவுங்கள். புல்லுக்குக் கொஞ்சம் நைட்ரஜன் கிடைக்கும்.